கம்பி முனை மூடி

அருணாவுக்கு,

நீ மல்லாங்கிணற்றுக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய் நான்கு நாளாகிறது. கம்பி கட்டும் பயிற்சியில் உன்னோடு படிக்கும் பால்பாண்டியையும் உன்னையும் சேர்த்துத் தப்பாகப் பேசிவிட்டேன். "மதினி கட்டுனா கம்பி அசையாதுண்ணே" என்று அவன் புகழ்ந்ததும் எனக்கு வயிறெரிந்தது. பன்னிரண்டு வருடம் கம்பி கட்டிய என்னை ஒருவரும் மெச்சியதில்லை.

நீ போன மறுநாள் அவனோடு சண்டை போடத்தான், பயிற்சி நடக்கும் சூலக்கரைக்குப் போனேன். அஸ்திவாரக் குழியோரம் கால் வழுக்கி, நிமிர்ந்து நின்ற கம்பிகள் மேல் விழுந்தேன். நான் ஒருநாளும் மாட்டாத பிளாஸ்டிக் மூடியை நீ ஒவ்வொரு முனையிலும் மாட்டியிருந்தாய். நெஞ்சு கன்றியதோடு தப்பித்தேன்.

தூக்கிவிட்டவன் பால்பாண்டி. "மதினி மாட்டுன மூடிண்ணே. அதான் பொழச்சீக" என்றான். அதை அவன் வாயால் கேட்டதுதான் அதிகம் வலித்தது.

நானும் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். அவன் சொல்லித்தர வந்தான், வேண்டாம் என்றேன்.

நீ வந்து சொல்லிக்கொடு.

உன் வீட்டுக்காரன்