ஒரே சீராக ஓடிய நாடி

அக்கா,

இன்று கம்பெனி கேன்டீனில் வருடாந்திர மெடிக்கல் செக்கப். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையிலிருந்து பிரிக்கிற அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்டதும் உங்கள் முகம் வந்துவிட்டது. ஒவ்வொருவரின் அளவையும் நோட்டில் எழுதுவது இந்த வருடமும் நான்தான்.

மாதனூரில் பஸ் ஏறியதும், செக்கப் நாளில் மட்டும் ஒரு பிரஷர் மாத்திரை அட்டை சீட்டுக்குச் சீட்டு கைமாறும். பிரஷர் காட்டினால் தையல் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். நீங்கள் இரண்டாகப் போட்டுக்கொள்வீர்கள். மற்ற நாட்களில் ஒன்றும் கிடையாது. "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பாப்பா. முடிஞ்சா மூட்டை கட்டிடணும்."

போன வருடச் செக்கப் அன்று பஸ்ஸில் மணிக்கட்டை நீட்டினீர்கள். "பாரு, கடியாரம் மாதிரி ஓடுது." இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். நல்ல இதயம் மூச்சை இழுக்கும்போது சற்று விரையும், விடும்போது தளரும். அதை விரட்டவும் அடக்கவும் தனித்தனி நரம்புகள் இருக்கின்றன. பயம் உள்ளே குடியேறிவிட்டால் அடக்கும் நரம்பு பிடியை விட்டுவிடும். துடிப்பு விறைத்து ஒரே சீராகும். பிரஷர் உள்ள உடம்புக்கு அது இன்னும் கேடு. கம்பெனி நர்ஸாகச் சேருமுன்பே இதையெல்லாம் படித்திருந்தேன். "ஆமாக்கா, சூப்பரா இருக்கு" என்றேன். படித்த லட்சணம்.

இரண்டு மாத்திரை போட்டும் அன்று பிரஷர் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "இன்னாம்மா, சீக்கிரம். லைன் நிக்குது."

"நூத்தி எண்பது. டென்ஷன் ஆவாதீங்கம்மா" என்றார் டாக்டர், அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டே. பயத்தை விடச் சொன்னவருக்கு, பயமுறுத்துகிறவரைத் தள்ளி நிற்கச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு பெரிய படிப்பு.

நீங்கள் என் நோட்டின் மேல் குனிந்தீர்கள். "கொறைச்சிப் போடு பாப்பா. உனுக்குப் புண்ணியமா போவும்." நூற்று முப்பது என்று எழுதினேன். என் படிப்பு அதைவிடப் பெரியது.

அதிலிருந்து மூன்றாம் மாதம் ஒரு காலையில் நீங்கள் பஸ்ஸுக்கு வரவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். இரங்கல் கூட்டத்தில் சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "மெஷின் மாதிரி இருந்தாங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஸ்பீடு." பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கிறோம் என்பது அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

இன்றும் வந்து நின்றார், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சார், நீங்க வெளிய போங்க. அப்பதான் எழுதுவேன்."

"யாருகிட்ட பேசுற நீ?"

"உங்ககிட்டதான் சார்."

போனார். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு மறுபடி பிரஷர் பார்த்தார்கள். இறங்கியிருந்தது, ஆனாலும் அதிகம்தான். அந்தப் பெண் உங்களைப் போலவே என் நோட்டின் மேல் குனிந்தாள். "அக்கா, ப்ளீஸ்க்கா."

உள்ளதை எழுதினேன். நாளை பஸ்ஸில் என்னோடு பேசமாட்டாள். பேச வேண்டாம். உங்கள் நாடியைத் தொட்ட அதே இரண்டு விரல்களால்தான் பேனாவைப் பிடித்திருந்தேன்.