புரோலின் களிம்பு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, பழக்கதோஷம். அப்பா வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். நானும் நேற்று தையல் கடையில் போய் உட்கார்ந்தேன். உனக்கு முதுகுவலி குறைந்ததா? எட்டாம் மாதம் அப்படித்தான் படுத்தும். ஒருக்களித்துப் படு.

தங்கையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்று போனில் அழுதாய். பயணம் கூடாதென்று டாக்டர் சொன்ன பிறகு நீ என்ன செய்ய முடியும்? அதை மனதில் போட்டு உருட்டாதே. அவளுக்கு என்னதான் வந்தது, ஆளுக்கொன்று சொல்கிறார்களே என்று கேட்டாய். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அவள் காலில் புண் ஒன்று ஆறினால் இன்னொன்று வரும், நீயே பார்த்து வளர்ந்தவள். நாங்கள் போகாத ஆஸ்பத்திரி இல்லை. சர்க்கரை என்றார்கள், ரத்தக்குழாய் என்றார்கள். சுத்தமாக இருக்கத் தெரியாதா என்று அவளிடமே கேட்டார் ஒருவர். அவளோ புண்ணுக்குக் குடித்தனக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். "வாடகையும் தரமாட்டேங்கறார், காலியும் பண்ண மாட்டேங்கறார்மா" என்று கட்டுப் போடும்போது சொல்லிச் சிரிக்க வைப்பாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்ததே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால்தான்.

போன வருடம் வந்த புது டாக்டரம்மா அவள் சிறுநீரை ஒரு தனிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்கார வைத்து, தையல்காரிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். புரதமெல்லாம் அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்ததுதானாம். அதில் புரோலின் என்று ஒன்று. மற்றவை வாலைப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். இது மட்டும் தன் வாலை வளைத்துச் சங்கிலியோடேயே பூட்டி வளையமாகிவிடும். அந்த இடத்தில் சங்கிலி விறைத்துக்கொண்டு திரும்பும். தோலையும் எலும்பையும் பிடித்து நிறுத்துகிற கொலாஜனுக்கு அந்த விறைப்புதான் பலமாம். ஆனால் பழையதைப் பிரித்துப் புதுத்தோல் வளர்க்கும்போது, கடைசியில் புரோலின் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டுகளைச் சாதாரணக் கத்தரி வெட்டாது. அதற்கென்றே உடம்பில் ஒரு நொதி உண்டு. நம் சின்னவளுக்கு அது பிறவியிலேயே வேலை செய்யவில்லை. திரும்பப் பயன்பட வேண்டிய புரோலின் அப்படியே சிறுநீரில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நான் அழுதேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மட்டும் மெதுவாகக் கேட்டாள், "அப்போ நான் அழுக்கு இல்லையாம்மா?" இத்தனை வருடச் சிரிப்புக்கு அடியில் அது கிடந்திருக்கிறது, பெரியவளே. பெற்றவளுக்கே தெரியவில்லை.

நொதிக்கு மருந்து இல்லை. புரோலினையும் கிளைசின் என்ற இன்னொன்றையும் களிம்பில் சேர்த்துப் பூசிச் சிலருக்குப் புண் ஆறியிருக்கிறது, பார்க்கலாம் என்றார். மருந்துக்கடைக்காரர் குழைத்துக் கொடுத்தார். வலது கணுக்கால் புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்கி, ஒருநாள் மூடியே விட்டது. அன்றைக்கே கடைக்குப் போய் வார் வைத்த செருப்பு வாங்கினாள். வீட்டுக்குள்ளேயும் அதைக் கழற்றவில்லை, நானும் திட்டவில்லை.

ஆனால் இந்த நோய் தோலோடு நிற்பதில்லையாம்; தொற்றைத் தாங்கும் சக்தியையும் குறைத்துவிடுமாம். சாதாரணச் சளி நுரையீரலில் இறங்கியது. காய்ச்சல் வந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் வலி இல்லை, தூக்கத்தில்தான் போனாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

மருந்துக்கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா அந்த வழியாகப் போனபோது, "களிம்பு ரெடி, பொண்ணுக்கு எப்படி இருக்கு?" என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் "பரவால்ல" என்று சொல்லிவிட்டு வாங்கி வந்துவிட்டார். டப்பா அலமாரியில் இருக்கிறது. எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

நீ கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். நானும் அப்பாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். எங்கள் இருவரிடமும் ஒரே குறை வெளியே தெரியாமல் இருந்து, அவளிடம் ஒன்றுசேர்ந்துவிட்டது. யார் தப்பும் இல்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். மாப்பிள்ளை நமக்கு உறவில்லாதவர்; அதனால் உன் குழந்தைக்கு வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவாம். ஆனாலும் உன் டாக்டரிடம் விவரத்தைச் சொல்லி வை. பயந்து சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

பெண் பிறந்தால் சின்னவள் பெயரை வைக்க வேண்டும் என்று அத்தை உனக்குப் போன் செய்வாள். நீ ஒத்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் அவள் சொன்னது இது: "அக்கா பிள்ளைக்கு என் பேர வைக்க விடாதம்மா. ஒவ்வொரு தடவ கூப்பிடறப்பவும் நீ அதோட காலத்தான் பாப்ப."

அவள் சொன்னது சரி. நான் அப்படித்தான் பார்ப்பேன். அதனால் நீங்கள் இருவரும் ஆசைப்பட்ட ஒரு புதுப் பெயராக வையுங்கள். உன் பிள்ளை தெருவெல்லாம் ஓடட்டும். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து உன்னிடம் அழட்டும். அந்தப் பக்கு தானாக உதிர்ந்து, தழும்புகூடத் தெரியாமல் ஆறட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா