அக்கா மாற்றிச் சொன்ன முடிவு

மார்கழி 9, செவ்வாய்.

இரத்தம் குடிக்கும் ஒருவனைக் காதலிக்கும் பெண்ணின் கதை அது. அந்த ஆங்கில நாவலை ஊரடங்கு நாட்களில் அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். கடைசியில் அந்தப் பெண் அவனை விட்டுவிட்டுத் தாயிடம் திரும்பினாள் என்றாள். நம்பி அழுதேன். மறுநாளே நானும், நான் காதலித்த சுதனிடம் இனி வரவேண்டாம் என்றேன். அவன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதே நாவலை வாசித்த கல்லடி ஊர்த் தோழி கலா இன்று சொன்னாள்: "இல்லடி, அவள் அவனோடதான் போறாள்."

அக்காவிடம் கேட்டேன்.

"ஓம், மாத்தித்தான் சொன்னன். உன்ட கடிதங்களப் பாத்தன். அவன்ட வீட்டுக்கு ரெண்டு தரம் ஆமி சோதனைக்கு வந்து போனது, புள்ள. எனக்குப் பயம்."

பயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இந்த நாட்குறிப்புக் கொப்பியையும் அவள் வாசிப்பாள். வாசி, அக்கா. நாளை சுதனுக்கு எழுதப் போகிறேன்.