கல்யாணச் சோறு

மாப்ளே,

இன்று காலை நம் தோட்டத்து வழியில் சாம்பார் வாசம் அடித்தது. பக்கத்து நிலத்தில் புதிதாக ஆடு வாங்கியிருக்கும் மனிதர், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தொண்டாமுத்தூர் மண்டபத்தில் மிஞ்சிய கல்யாணச் சோற்றை ஒரு குண்டா நிறைய ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். முகமெல்லாம் பெருமை. "ஆடுங்களுக்கு இன்னைக்கு விருந்துங்க" என்றார்.

கூட்டாளிகளான நாமும் அப்படி வேறு வேலையிலிருந்து ஆடு வளர்க்க வந்தவர்கள்தானே. கணபதிப் பட்டறையில் இருபது வருஷம் லேத்தில் நின்றுவிட்டு, செல்போனில் வீடியோ பார்த்து, குத்தகை நிலத்தில் ஆடு நிற்க உயரமாகப் பரண் போட்டுப் பன்னிரண்டு ஆடுகளை ஏற்றினோம். பரணின் மட்டம் நூல் பிசகாமல் இருந்தது. ஆட்டைப் பற்றித்தான் நமக்கு ஒன்றும் தெரியாது.

முதல் வருஷம் ஒரு சாயங்காலம் இதேபோல் மண்டபத்துச் சோற்றைக் கொண்டுவந்தது நான். நீ தயங்கினாய். "பக்கத்துத் தோட்டத்துல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வைக்கலாம் மாப்ளே" என்றாய். கேட்டால் சிரிப்பார்களே என்று எனக்கு ரோஷம். மனுசன் தின்கிற சோறு ஆட்டை என்ன செய்துவிடும் என்று தொட்டியில் கவிழ்த்தேன். விடிந்து பார்த்தால் எல்லாம் வயிறு உப்பிக் கிடந்தன. டாக்டர் வந்து மருந்து ஊற்றியும் ஐந்து போய்விட்டன. அதில் ஒன்று சினையாக இருந்த வெள்ளச்சி. என் மனைவி கையில் தழை வைத்து ஊட்டிப் பழக்கிய ஆடு.

யார் சோறு வைத்தது என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள். நீ முந்திக்கொண்டாய். "நாந்தான் அம்மணி, தெரியாம வச்சுப்போட்டேன்." அவள் உன்னைப் பேசிய பேச்சையெல்லாம் நான் நின்று கேட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வருஷங்கள் ஓடின. போன ஆடியில் நீ நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாய். அங்கேயும் நான் சொல்லவில்லை. நீ போய்விட்டாய்.

இன்று அந்தக் குண்டாவைப் பிடித்து இழுத்தேன். பேங்க்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "சோறுதானுங்களே?"

"வேண்டாமுங்க! இதே சோத்தை வச்சு நானே அஞ்சு ஆட்டைக் கொன்னுபோட்டேனுங்க" என்று கத்தினேன். திரும்பினால், தண்ணீர்க் குடத்தோடு என் மனைவி.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "எனக்குத் தெரியுமுங்க. ஆஸ்பத்திரியில நீங்க காபி வாங்கப் போனப்ப அண்ணன் சொல்லிப்போட்டாரு. அன்னைக்குப் பேசின பேச்சுக்கு நான் அழுதேன், அவரு சிரிச்சாரு. 'அவனாச் சொல்லட்டும் அம்மணி, அதுவரைக்கும் கேக்காதே'ன்னாரு." அவ்வளவுதான் சொன்னாள். ஆட்டுக்குத் தழை எடுக்கப் போய்விட்டாள்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை மாப்ளே. உன்மேல் பழி இல்லாமல்தான் உன்னை அனுப்பியிருக்கிறோம் என்ற நிம்மதி. நன்றாக மூச்சு விட முடிந்தது.

அவருடைய ஆடுகள் தப்பின. சாயங்காலம் கோபம் ஆறி வந்தவர், குட்டிக்குக் குடற்புழு மருந்து எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. முன்பென்றால் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லியிருப்பேன்.

"தெரியலீங்க. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அது உன் பேச்சு.