அக்காவுக்குச் சொன்ன குளம்

மார்ச் 2, ஞாயிறு

எழுதவே கூசுகிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆமைக் குளம் கிடையாது. பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் அக்காவிடம் போனில் அதை வர்ணித்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதைக் கேட்டாலும் “நல்லா இருக்கேன்” என்று வைத்துவிடுவேன். ஆமைகளைக் கேட்டால் அரை மணி நேரம் அளப்பேன்.

அத்தானோடு வெளியூர் போனபோது அவள் விட்டுப்போன இரண்டு ஆமைகளும் (மேனேஜர், கிளார்க்) குளியலறையில், துணி ஊறவைக்கும் தொட்டியில் இருக்கின்றன. நான் குளிக்கும்போது எட்டிப் பார்க்கும். எனக்கு வெட்கம் விட்டுப்போய் வெகுநாளாகிறது.

இன்று அக்கா சொன்னாள்: “டாக்டர் கையை விரிச்சுட்டார்டா. ஒரு தடவை வந்து உன் குளத்தைப் பார்த்துட்டுப் போறேன்.”

இருபதாம் தேதி வருகிறாள்.

மார்ச் 4

என்னென்ன புளுகினேன் என்று பழைய டைரிகளைப் புரட்டினேன். மூன்றாம் வருஷம் குளம் வட்டம். ஏழாம் வருஷம் நீள்வட்டம். நடுவில் வெயில் காயப் பாறை. ஏதோ ஓர் உற்சாகத்தில் குட்டிப் பாலம் வேறு.

“புளுகறதுதான் புளுகினீங்க, ஒரே அளவாப் புளுகக் கூடாதா?” என்றாள் மனைவி.

மார்ச் 7

கொத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆமைக்கு எதுக்கு சார் பாலம்? அது நீந்துமே.”

“இதுங்க நடக்கத்தான் ஆசைப்படுது.”

அவர் கடப்பாரையை வாங்கி நானும் நாலு குத்து குத்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மார்ச் 12

கறுப்பு ஷீட் விரித்து, ஆமை ஏறி ஓடாதபடி ஓரக் கல்லை உள்பக்கம் நீட்டி அடுக்கி, தண்ணீர் விட்டாயிற்று. குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போக நாலு நாள் ஆகுமாம். இதற்கு நாள் சொல்கிறார்கள். அக்காவுக்கு எத்தனை நாள்? ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 16

ஆமைகளை விட்டேன். மேனேஜர் பாறையில் ஏறி, நாலு காலையும் நீட்டி வெயில் காய்ந்தது. பதினோரு வருஷம் இதைத் தொட்டியில போட்டு வெச்சிருந்தேனே — மனுஷனா நான்?

மார்ச் 20

பாலத்துக்கு நேற்றுதான் பூச்சு முடிந்தது. 

அக்காவைத் தூக்கித்தான் காரிலிருந்து இறக்கினேன். என்னை இடுப்புல சுமந்தவ. தலகாணி மாதிரி இருந்தா.

கரையில் நாற்காலி போட்டேன். இரண்டு காலையும் மேலே மடக்கி வைத்துக்கொண்டாள். வீக்கம் போல. மேனேஜரைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

“வேண்டாம்டா. பாவம், அது வெயில் காயட்டும்.”

கொஞ்ச நேரம் பார்த்தாள். “வட்டம்னே. அப்புறம் நீள்வட்டம்னே. இது எதுலயும் சேராது போலிருக்கே.”

“கொத்தனார் கைவரிசை.”

“ம். புது சிமென்ட் வாசனை எனக்குப் பிடிக்கும்டா,” என்றாள். என் தலையைக் கோதிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயசு வழுக்கையை.

ஏப்ரல் 9

அக்கா போய்விட்டாள். காலை ஆறரைக்கு.

ஏப்ரல் 13, ஞாயிறு

போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதற்கு?

ஏப்ரல் 27

அத்தான் வந்திருந்தார். குளத்தடிக்குக் கூட்டிப் போனேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, “இதுங்களை நீங்க கொண்டு போங்க அத்தான். அக்கா ஞாபகமா இருக்கும்,” என்றேன்.

“அவ ஞாபகமா?” என்றார். “நான்தானேப்பா ஆசையா வளர்த்தேன். அவளுக்கு ஆமைன்னா சுத்தமா ஆகாது, அதனாலதான் உன் தலையில கட்டிட்டுப் போனோம். பார்த்தாலே காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்குவா.”