அவசரப்படும் மஞ்சள் விளக்கு

மார்ச் 3, திங்கள்

இன்று எப்படியும் அரைப் பக்கம் எழுதிவிட வேண்டும். நேற்று நான்கு வரிக்கே விரல் வலித்தது. ஆனாலும் என் கையால் நான்கு வரி!

முதியோர் கல்வி மாலை வகுப்பில் என் மனைவி இரண்டாம் புத்தகத்தை முடித்துவிட்டாள். நான் இன்னும் முதல் புத்தகத்தில்தான். முடித்தவள் தனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. என் வேன் இண்டிகேட்டருக்கு நான்கு எல்.இ.டி. பல்பு வாங்கி வந்தாள். போன வாரம் நான் திரும்பும்போது பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. வெயிலில் விளக்கே தெரியவில்லை என்று கத்தினார் லாரிக்காரர். நான் வகுப்புக்கு ஏற்றிப் போகும் ஐந்து பெண்களும் ஒரே அலறல். பல்பைக் கையில் கொடுத்து, "பின்னாடி உட்கார்றது நாங்கதான்" என்றாள்.

மாட்டினேன். என்ன வெளிச்சம்! ஆனால், டிக்டிக்டிக்டிக். மூச்சே விடாமல் அடித்துக்கொள்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

பைக்கில் வந்தவன் ஜன்னல் பக்கம் நிறுத்தி, "தாத்தா, வண்டிக்குக் குளிருதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பெண்கள் சிரித்தார்கள். அவள் மட்டும், "புதுசு இல்ல, அதான் சுறுசுறுப்பு" என்றாள். அவ்வளவு பெருமை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் தேதி வண்டிக்குத் தகுதிச் சோதனை.

மார்ச் 6, வியாழன்

எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் சொன்னதை மறக்காமல் எழுதுகிறேன். "விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃபிளாஷர் பழசு பெரியப்பா. இந்த பல்பு கொஞ்சமாத்தான் கரண்ட் இழுக்குது. ஒரு பல்பு போயிடுச்சுன்னு அது நெனச்சுக்குது. அதான் வேகமா அடிச்சுக் காட்டுது." எல்.இ.டி.க்கு என்றே வேறு ஃபிளாஷர் வருகிறதாம். அவரிடம் இல்லை. ஊருக்குக் கிளம்புகிறார், திரும்ப பத்து நாள் ஆகும். இப்போதைக்கு, கரண்டைக் கூடுதலாக இழுக்க என்று இரண்டு ரெசிஸ்டர் கொடுத்தார். இந்த வேகத்தில் சோதனையில் தேறாது என்றும் சொன்னார்.

எங்கே கட்ட வேண்டும் என்பதைத் தனிச் சீட்டில் எழுதிக்கொண்டேன். என்னை எழுதிக்கொள்ளச் சொல்லி அவர் காத்திருந்தார்! என் வாழ்க்கையில் இது முதல் தடவை.

மார்ச் 8, சனி

ரெசிஸ்டரைக் கட்டின இடத்தில் பிளாஸ்டிக் உருகிவிட்டது, ரெசிஸ்டரும் கருகிவிட்டது. நான்கு விரல் நுழையும் ஓட்டை.

சூடாகும், இரும்பில்தான் கட்ட வேண்டும் என்று சீட்டில் இருக்கிறது. சீட்டு வீட்டில் இருக்கிறது. முன்பெல்லாம் சொன்னது மண்டையில் நிற்கும். எழுதிவிட்டோமே என்று மண்டை கைகழுவிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

என்ன செய்வது? சோதனையில் தேறாவிட்டால் வண்டி ஓடக்கூடாது. பதினான்காம் தேதி வகுப்பில் பரீட்சை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஐந்து பேரும் அவளும் எப்படிப் போவார்கள்? ஒரு வருஷம் ராப்பகலாகப் படித்ததெல்லாம்?

அவள் கடைக்குப் போன நேரத்தில் பழைய பல்புகளையே மாட்டிவிட்டேன். டிக்... டிக்... பழைய நிதானம். அவள் கொடுத்ததைத் துணியில் சுற்றி வண்டியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதியாயிற்று, மனசு லேசாகிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

டீ டம்ளரை மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

நாற்பத்தொரு வருஷமாக எனக்கு அந்த 'ஒண்ணுமில்ல'யைத் தெரியும். நான் என்ன செய்தேன்? மறுபடி கேட்டேன். "படிக்காதவளாவே இருந்திருக்கலாம்" என்றாள். பரீட்சைப் பயம் போலிருக்கிறது. நான் கூட...

இந்த நோட்டை எடுக்கும்போது இதன் மேல் ஒரு கண்ணாடி இருந்தது. என்னுடையது என் மூக்கில் இருக்கிறது.

ஐயையோ. படிச்சுட்டா. எல்லாத்தையும் படிச்சுட்டா!

இந்த வீட்டில் காகிதத்துக்கு வாய் இருந்ததே இல்லை. கரண்ட் பில்லைக் கூடப் பக்கத்து வீட்டில் காட்டித்தான் தெரிந்துகொள்வோம். எழுதுவதும் பூட்டி வைப்பதும் ஒன்று என்று இருந்துவிட்டேனே, மடையன்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் சொல்லாமல் கிளம்பிப் போனாள். மூன்று மணி வரை வாசலுக்கும் வண்டிக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்தது. வந்தாள். பையிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தாள். ஃபிளாஷர்.

"இதுதான் வேணும்னு உனக்கு யார் சொன்னா?"

"ஆறாம் தேதியில நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்களே. எழுத்துதான் கோணல், விஷயம் சரியா இருக்கு."

கடைக்காரர் முதலில் வேறு ஒன்றைக் கொடுத்தாராம். அட்டையில் எல்.இ.டி. என்று இல்லாததைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாளாம். "பாட்டிம்மா, கண்ணாடி போட்டுப் பாருங்கன்னான். போட்டுக்கிட்டுத்தான்டா பார்க்கிறேன்னேன்."

கருகின ரெசிஸ்டரைக் கழற்றினேன். டேஷ்போர்டுக்கு அடியில் பழைய ஃபிளாஷரைப் பிடுங்கினேன். இரண்டு ஃபிளாஷரின் கம்பிக் கால்களுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளை அவள் டார்ச் அடித்து ஒப்பிட்டுச் சொல்ல, புதியதைச் சொருகினேன். சீட்டுக்கு அடியிலிருந்து துணிப் பொட்டலத்தை அவளே எடுத்தாள்.  அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

பல்புகளை மாற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். அவள் வண்டிக்குப் பின்னால் போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்கு எண்பத்திரண்டு.

"நல்லாத் தெரியுதா?"

"தெருக்கோடிக்குத் தெரியும். ஏங்க, எனக்காகப் போட்டீங்க, சரி. எடுக்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

 எட்டாம் தேதி ஓட்டை எங்கே என்று அவளே கேட்டாள். தகரம் வைத்து அடைத்தோம்.

மார்ச் 12, புதன்

தேறியாயிற்று. அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, "லைட்டெல்லாம் பளிச்சுன்னு இருக்கே" என்றார். "வீட்டுல வாங்கிக் குடுத்தாங்க" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ஏழு பேரும் பரீட்சை எழுதினோம். எனக்குக் கடைசிக் கேள்விக்கு நேரம் போதவில்லை. அவள் கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள்.

மார்ச் 16, ஞாயிறு

அவளும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். பச்சை அட்டை. காலையிலிருந்து எழுதினாள், நடுவில் என்னைப் பார்த்து இரண்டு தடவை சிரித்தாள். இப்போது மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள்.

நான் தொடவில்லை. என் கண்ணாடியை மட்டும் துடைத்து வைத்திருக்கிறேன்.