மேஸ்திரி வேலையைக் கேட்டு வாங்கிய மதினிக்கு

என் ஆசை மதினி சரோஜா,

நீ கண்ணை மூடி, நீ இல்லாமல் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மலைமேல் காயெடுப்பு மும்முரமா நடக்குது. போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே ஏலக்காய் வாசம்தான்.

நேற்று உன் மக செல்வி சென்னையிலிருந்து போன் பண்ணினாள். அவ ஆபீசில் மேனேஜர் வேலை காலியாம். "தகுதி இருந்தா அவங்களே கூப்பிட மாட்டாங்களா அத்தே? நானாப் போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். உன் வயிற்றில் பிறந்தவ இப்படிக் கேட்கலாமா?

எழுபதுகளின் கடைசியில் நீ எங்க அண்ணனைக் கட்டி வந்த புதுசு. ஏலக்காய் மூடை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் நாம ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துப் பொறுக்குவோம். சோலி முடிந்ததும் நாங்கள் கதை பேசுவோம். நீ எடை போடுகிற இடத்தில் போய் நிற்பாய். கேரளத்திலிருந்து போடிமெட்டு வழியாக ஜீப்பில் வருகிறவர்களிடம் மலையாளம் பேசிப் பழகுவாய். "நமக்கெதுக்கு மதினி இதெல்லாம்?" என்றால், "தெரிஞ்சு வச்சுக்கிட்டா கையா வலிக்கும்?" என்பாய்.

பழைய மேஸ்திரி வேலையை விட்டுப் போயிருந்தார். முதலாளி புது ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஐப்பசியில் ஒருநாள் வடக்கே போகிற லாரி வாசலில் நிற்க, மூடைக்குள் கைவிட்ட நான் காய் ஈரமா இருக்குன்னு உன் காதில் சொன்னேன். நீ இன்னும் சில மூடைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேரே முதலாளியிடம் போனாய்.

"இதை அப்பிடியே ஏத்த வேணாங்க. வழியிலேயே பூசணம் பூத்துரும்."

"லாரி நிக்குது, இப்ப வந்து சொல்றே?"

"ஈரக்காயைத் தனியாப் பிரிச்சுருவோம். நல்லதை இன்னைக்கே அனுப்பலாம், மிச்சத்தைக் காய வச்சு அடுத்த லாரிக்கு. யார் யார் எங்க உக்காரணும்னு யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

அவர் கத்தித் தீர்த்தார். நீ நகரவே இல்லை. கடைசியில், "சரி, வெரசாப் பாரு" என்றார்.

நீ சொன்னபடி லாரிக்காரரும் காத்து நிற்க, பொழுது சாய்வதற்குள் நல்ல காய் லாரி ஏறியது. முதலாளி உன்னை மெச்சினார். "கண்டுபிடிச்சது பேச்சிங்க" என்று என்னை முன்னால் இழுத்துவிட்டாய். அப்புறம் சொன்னாய்: "அந்த மேஸ்திரி வேலையை எனக்குக் குடுங்க."

எல்லார் கையும் அப்படியே நின்றது.

"பொம்பளை சொன்னா லாரிக்காரன் கேப்பானா?" என்றார் முதலாளி.

"இப்ப கேட்டாங்கல்ல?"

சீசன் முடியட்டும் பார்ப்போம் என்றார். அன்றிலிருந்து தினமும் கிட்டங்கிக் கதவு திறக்கும் முன்னே வந்து நின்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொண்டாய். உன் இடத்தில் உட்கார ராசிங்காபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த புதுப்பொண்ணு ஒருத்தியைப் பழக்கினாய். தை பிறந்ததும் கிட்டங்கிச் சாவி உன் கைக்கு வந்தது. என்னை எடைக்கு மாற்றினாய். எண்பதுகளில் லாரிக்காரர்களே 'மேஸ்திரியக்கா இருக்காகளா?' என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

செல்விக்கு உன்னைத் தைரியக்காரியாக மட்டும்தான் தெரியும். வேலையைக் கேட்டபோது உன் கை நடுங்கியதும், அதை முந்தானைக்குள் மறைத்ததும், பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். அதை அவகிட்டச் சொன்னா கோவிச்சுக்குவியா?

கோவிச்சாலும் சரி, சொல்லத்தான் போறேன். நாளைக்கே போய்க் கேளுன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன்; அவ போறதுக்கு முன்னாடியே கூப்பிட்டு இதையும் சொல்லிருவேன். வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும், கேட்டுட்டு அவ வெளியே வர்றப்போ போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு இருப்பேன் மதினி. இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

என்னைக்கும் உன் நாத்தனா,
பேச்சியம்மா